வண்டி நிற்கவில்லை

புதன்கிழமை சாயங்காலம் அவர் பால்கனியில் காயவைத்தது ஒன்பது பொம்மைகள். வியாழன் காலை அவற்றை நிறுத்திவைத்த அட்டையை உள்ளே எடுத்துவரப் போனபோது பத்து இருந்தன.

பல் தேய்த்துக்கொண்டே போனவர், நுரையைத் துப்பிவிட்டு வந்து மறுபடி எண்ணினார். கட்டைவிரல் உயரத்தில் ஒன்பது சிப்பாய்கள். துப்பாக்கியும் தலைக்கவசமும் முதுகுப்பையுமாக, கையில் பிடித்து வர்ணம் தீட்டத் தோதாக ஆளுக்கொரு மருந்துப் புட்டி மூடியின் மேல் ஒட்டப்பட்டு, அடிப்பூச்சின் சாம்பல் நிறத்தில் ஒரே மாதிரி விறைத்து நின்றார்கள். பத்தாவது நிற்கவில்லை. உட்கார்ந்திருந்தது. நாற்காலி இல்லை, கல் இல்லை. வெறுங்காற்றில் முழங்கால் மடங்கி, முதுகு நிமிர்ந்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, அங்கே இல்லாத வட்டமான எதையோ பிடித்துக்கொண்டிருந்தது. தலைக்கவசம் கிடையாது. பின்னந்தலையில் முடிந்த கூந்தல். பெண்.

பெட்டியில் தவறி வந்திருக்கும் என்று விடவும் முடியவில்லை. பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒவ்வொரு கையையும் காலையும் வெட்டி, பிசிறைச் செதுக்கி, பசை வைத்து ஒட்டியவர் அவர்தான். இப்படி ஓர் உடம்பை அவர் ஒட்டவில்லை. ஆனால் பூச்சு அவர் அடித்த பூச்சுதான். இடது பக்கம் கொஞ்சம் மெல்லிசாக, காற்றடிக்கும் பக்கம் கொஞ்சம் தடிப்பாக.

மனைவி துணி காயப்போட வந்தவள் எட்டிப் பார்த்தாள். "என்னங்க, பொம்மை குட்டி போட்டிருச்சா?"

"ஜீப் ஓட்டுற ஆள் போல. கம்பெனிக்காரன் சேர்த்து அனுப்பிட்டான்."

"பொம்பளை ஓட்டுறாளா? பரவாயில்லை, உங்க பட்டாளமும் முன்னேறிடுச்சு."

அவர் சிரித்தார். பெண்ணை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். மூடிய பிறகுதான் ஒன்று உறைத்தது. அவர் வேலை பார்க்கும் மருந்துக் கிடங்கிலிருந்து கொண்டுவரும் மூடிகள் எல்லாமே வெள்ளை. அவள் இருந்த மூடி மஞ்சள்.

போர் ஆட்டச் சங்கத்தில் அவரை எல்லோரும் மேஜர் என்பார்கள். மேஜராக அவர் ஒருநாளும் இருந்ததில்லை. லெப்டினன்டாக இருந்தபோதே ராணுவத்தை விட்டு வந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் டயர் கடைக்கு மேலிருக்கும் கூடத்தில் ஏழெட்டுப் பேர் கூடி, பெரிய மேசையில் மலையும் தெருவும் பரப்பி, அளவுநாடாவும் பகடையும் வைத்துச் சண்டை போடுவார்கள். ஆட்டத்தில் பல் டாக்டர் கெட்டிக்காரர். வர்ணத்தில் இவரை அடிக்க ஆளில்லை. அரை அரிசி அகலமுள்ள முகத்தில் புருவத்தின் சுளிப்பைக் கொண்டுவந்துவிடுவார். வீட்டில் கண்ணாடி அலமாரி நிறைய நானூற்றுச் சொச்சம் பேர் நிற்கிறார்கள். அத்தனை பேரும் சிப்பாய்கள்.

"மேஜர், உங்க ஊர்ல ஜனங்களே கிடையாதா?" என்று பல் டாக்டர் ஒருமுறை கிண்டல் செய்தார்.

"சண்டைன்னா ஜனங்க எதுக்கு? இடைஞ்சல்."

போன ஞாயிறு அதே பல் டாக்டர்தான், அடுத்த ஆட்டத்துக்கு ஒரு சோதனைச் சாவடி செய்து கொண்டுவரச் சொன்னார். மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் டாக்டர் செய்த மணல் மூட்டைகள் தலையணை மாதிரி உப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது கை துறுதுறுத்தது. சரி என்று வாய் சொல்லிவிட்டது.

மகள் வேலைக்கு வேறு ஊர் போனபின் காலியாகக் கிடந்த அறையில் பலகையைப் போட்டு வேலையை ஆரம்பித்தார். தெர்மாகோலைச் சீவிச் சரிவு செய்து, பசை தடவி மணல் தூவி, நடுவே தார்ச்சாலையை வளைத்து, பஞ்சுக் குச்சியில் சிவப்பும் வெள்ளையுமாகத் தடுப்புக் கட்டை வைத்து, மூன்று நாளில் முடித்தார். படம் எதையும் பார்க்கவில்லை. வியாழன் இரவு சாப்பாட்டுக்கு முன் சற்று எட்டி நின்று பார்த்தபோதுதான், வளைவில் மொட்டை மரத்தையும் அதற்குச் சற்றுத் தள்ளிச் சாய்ந்த மைல்கல்லையும் தான் வைத்திருப்பது தெரிந்தது. வைக்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. விளக்கை அணைத்துவிட்டு வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை கிடங்கில் இருப்புக் கணக்கெடுப்பு. மதியச் சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்த அறைக் கதவைத் திறந்தார். தின்னரின் காட்டமான நெடி எப்போதும் இருப்பதுதான். அதற்கு அடியில், யாரோ இப்போதுதான் நகத்தால் கீறியது போல, ஆரஞ்சுத் தோலின் வாசனை மெல்லியதாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

இழுப்பறை திறந்திருந்தது. சாலை தொடங்கும் ஓரத்தில் அந்தப் பெண் இருந்தாள். வர்ணம் தீட்டி முடித்திருந்தது. மஞ்சள் உடை, முழங்கை வரை மடித்துவிட்ட கை. கண்ணுக்குக் கீழே நிழல் போடும்போது அவர் ஒரு சொட்டு ஊதாவைக் கலப்பார். வேறு யாரும் கலப்பதில்லை. அந்த ஊதா அங்கே இருந்தது. கழுவாத தூரிகை டம்ளரில் கிடந்தது. தண்ணீர் மஞ்சளாக இருந்தது.

அவளுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு. ஒரு வயதான அம்மா, மடியில் கைகளைக் கோத்து, வெறுங்காற்றில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அடுத்து ஒரு சின்னப் பெண். உட்கார்ந்த இடத்திலிருந்து கால் தரையை எட்டாமல் தொங்கியது. ஒரு காலில் வெள்ளைச் செருப்பு. மறுகால் வெறுங்கால்.

"மதியம் யாராவது வந்தாங்களா?" சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். குரல் சாதாரணமாக வந்தது அவருக்கே ஆச்சரியம்.

"நீங்கதானே வந்தீங்க? கதவைச் சாத்திட்டு உள்ளயே உட்கார்ந்திருந்தீங்களே. சாப்பிடக் கூப்பிட்டேன், ம்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். அப்புறம் எப்பப் போனீங்கன்னே தெரியல." வெங்காயம் வதங்கும் சத்தத்துக்கு மேலே அவள் குரல் வந்தது. "ஞாயித்துக்கிழமை பாப்பா வர்றா, ஞாபகம் இருக்கா? புதுக் கார்ல, தனியா ஓட்டிட்டு. அந்த ரூமைக் கொஞ்சம் காலி பண்ணிக் குடுங்க."

அந்த ஒற்றைச் செருப்பை அவருக்குத் தெரியும்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு நண்பகல். மலைச் சாலை. இரண்டு நாளுக்கு முன் கீழே பாலத்தருகே வெடித்த குண்டில் அவருடைய ஆட்கள் இரண்டு பேர் போய்விட்டார்கள். போனது என்றால், ஒரு கம்பளியில் அவரே பொறுக்கிக் கட்டும்படி. இரண்டு ராத்திரி கண் மூடவில்லை. மொட்டை மரமும் சாய்ந்த மைல்கல்லும் இருந்த வளைவில் ஒரு கார் திரும்பியது. கையைத் தூக்கினார். கார் நின்றது. இருபது தப்படி தூரத்தில், நல்ல பிள்ளை மாதிரி நின்றது. மஞ்சள் உடை போட்ட பெண்தான் ஓட்டிவந்தாள். சீருடைக்காரர்களைப் பார்த்துச் சனங்கள் சிரிக்கும் அந்தப் பயந்த சிரிப்பைச் சிரித்தாள். பிறகு குனிந்தாள். அவர் வாய், "சுடு" என்றது.

வாய் சொல்லிவிட்டது; ஒன்பது துப்பாக்கிகள் ஏன் என்று கேட்கவில்லை.

சத்தம் ஓய்ந்ததும் கிட்டே போய்ப் பார்த்தார். பின் சீட்டில் ஒரு வயதான அம்மா, ஒற்றைச் செருப்போடு ஒரு சின்னப் பெண்; பக்கத்தில் ஆரஞ்சுப் பை கிழிந்து, அந்த வாசனை எல்லாவற்றுக்கும் மேலே ஏறி நின்றது. அவள் கையில் ஓட்டுநர் உரிமம் இருந்தது. கீழே வைத்திருந்த பையிலிருந்து அதைத்தான் எடுத்திருக்கிறாள். அதை உருவித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அறிக்கை எழுதினார்: சைகை காட்டியும் வண்டி நிற்கவில்லை.

விசாரணைக்கு அவள் புருஷன் வந்திருந்தான். காருக்குப் பின்னாலேயே பைக்கில் வந்தவன். "நின்னுச்சு சார். பிரேக் லைட் எரிஞ்சுது. நான் பார்த்தேன் சார்." துக்கத்தில் குழம்பிப் பேசுகிறான் என்று எழுதிக்கொண்டார்கள். அவன் அழவில்லை, கத்தவில்லை. கடைசி வரை லெப்டினன்டின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான், மனப்பாடம் செய்கிறவன் மாதிரி. வண்டி நிற்கவில்லை என்று அவர் அன்று எட்டு முறை சொன்னார். அதற்கப்புறம் வருஷக்கணக்காகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லிச் சொல்லி, சில நாள் கனவிலேயே கார் நிற்காமல் வரத் தொடங்கியிருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் மூன்று பொம்மைகளையும் பழைய காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய், குப்பை லாரி வரும்வரை காத்திருந்தார். தன் கையால் உள்ளே எறிந்தார். இரும்புத் தட்டு இறங்கி நசுக்குவதையும் நின்று பார்த்தார். திரும்பி வந்து அறையைத் திறந்தார்.

மூன்றும் இல்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கப் போகும் நேரத்தில், வளைவில் மொட்டை மரத்துக்குப் பின்னால் ஒரு கார் நிற்பது தெரிந்தது. உள்ளங்கையில் அடங்குகிற கார், அடிப்பூச்சுச் சாம்பலில், கண்ணாடிக்கும் சேர்த்துப் பூச்சடித்து. இன்னும் பலகையில் எடுத்து வைக்காத ஒன்பது சிப்பாய்களும் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். எல்லோர் முகமும் சாலையைப் பார்த்து.

அவர்களை ஒவ்வொருவராகத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்தார். வியர்வையைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார். சிப்பாய்கள் மறுபடி சாலையைப் பார்த்து நின்றார்கள்.

யாரோ சாவி போட்டுத் திறந்து வந்து விளையாடுகிறார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். பல் டாக்டருக்குப் போன் போட்டார்.

"டாக்டர், இந்தச் சாவடி யோசனை உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

"என்னோடது இல்லை மேஜர். அதுக்கு முந்தின வாரம் நீங்க வரலையே, அன்னைக்குக் கூடத்துக்கு ஒருத்தர் வந்தார். வயசாளி. நல்ல தாடி. நீங்க அங்க வெச்சிருக்கிற பொம்மைகளையே ரொம்ப நேரம் பார்த்துட்டு நின்னார். 'கை சுத்தமான கை. ஜனங்களைத்தான் ஒருத்தரையும் காணோம்'னார். சாவடி வெச்சு ஆடச் சொல்லுங்கன்னு அவர்தான் சொன்னார்."

"பேர் என்ன?"

"சொல்லல. கிளம்பறப்ப, 'அவர்கிட்ட சொல்லுங்க, நின்னுச்சு'ன்னார். எது நின்னுச்சுங்கன்னு கேட்டேன். படியில இறங்கிப் போயிட்டார்." டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "மேஜர், அவர் இறங்கிப் போனார்னுதான் நினைக்கிறேன். ஆனா கீழ டயர் கடைக்காரர், அப்படி யாரும் வரவும் இல்லை, போகவும் இல்லைங்கறார்."

அறையைப் பூட்டிச் சாவியைப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டார். அன்று ராத்திரி அவர் தூங்கவில்லை. அடுத்த அறையில் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவரைத் தூங்கவிடவில்லை.

ஞாயிறு பதினொன்றரை மணிக்கு, சுத்தியலோடு வந்து பூட்டைத் திறந்தார். மகள் வருவதற்குள் பலகையைத் துண்டு துண்டாக்கி வெளியே போட்டுவிட வேண்டும். சன்னல் வழியாக நல்ல வெயில் அறை முழுவதும் அடித்துக்கொண்டிருந்தது. கட்டிலின் மேல் மகளுக்காக மனைவி நேற்று விரித்த புது விரிப்பு சுருக்கமில்லாமல் கிடந்தது. சமையலறையில் மிக்ஸி ஓடி ஓடி நின்றது. இத்தனை வெளிச்சத்திலும் சத்தத்திலும் அந்தப் பலகையைச் சுற்றி மட்டும், மூடி வைத்த பாத்திரத்துக்குள் போல, காற்று அசையாமல் நின்றது. ஆரஞ்சு வாசனை அதற்குள் தேங்கியிருந்தது.

கார் மரத்தைத் தாண்டி வந்திருந்தது. சாம்பல் நிறம் இல்லை. நீலம்.

பாப்பா போன மாதம் படம் அனுப்பிய நீலம்.

பூதக்கண்ணாடிப் பட்டையைத் தலையில் மாட்டிக்கொண்டு குனிந்தார். எண் பலகை அரிசி அளவு. அதில் எழுத்துகள். அவளுடைய எண். முன் கண்ணாடிக்குப் பின்னால் நாலு பேர். பின் சீட்டில் மஞ்சள் உடை. அதற்குப் பக்கத்தில் வயதான அம்மா. நடுவே சின்னவள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பெண் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டிருந்தாள். அப்படிச் செய்யாதே, கீழே விழுந்து உடையும் என்று அவர் பதினைந்து வருஷமாகச் சொல்லி வருகிறார்.

போனை எடுத்தார். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"சொல்லுங்கப்பா. ஸ்பீக்கர்ல இருக்கீங்க."

"எங்க இருக்கே?"

"முக்கால்வாசி வந்துட்டேன். ஏம்ப்பா மூச்சு வாங்குது?"

"யார் கூட வர்றே?"

"தனியாத்தான். ஆனா இந்தப் புது வண்டி சரியில்லைப்பா. பின் சீட்ல பெல்ட் போடலைன்னு அரை மணியா கத்துது. மூணு சீட்டுக்கும் காட்டுது. ரெண்டு தடவை நிறுத்திப் பார்த்துட்டேன். பின்னாடி ஒரு பைகூட இல்லை." போனுக்குள் அந்த மணி கேட்டது. டிங். டிங். டிங். "அதுவும் ஒரே ஆரஞ்சு வாசனை. யாரோ உட்கார்ந்து உரிக்கிற மாதிரி."

"வண்டியைத் திருப்பு."

"நடுவுல சுவர் இருக்குப்பா. எப்படித் திருப்புறது?"

அவர் காரைப் பிடித்துத் தூக்கினார். வரவில்லை. பலகையோடு பிறந்தது போல ஒட்டியிருந்தது. அடியில் விரல் கொடுத்தார்; ஓடி வந்த எஞ்சினின் சூடு தோலைச் சுட்டது. சுத்தியலை ஓங்கினார். உள்ளே அவள் இருந்தாள். கை அப்படியே நின்றது.

சிப்பாய்களைப் புறங்கையால் வாரி அடித்தார். சுவரில் பட்டுத் தெறித்தார்கள், கட்டிலுக்கடியில் உருண்டார்கள். தரையில் எண்ணினார். ஒன்பது. பலகையைப் பார்த்தார்.

ஒன்பது.

கார் இன்னும் ஒரு சாண் முன்னால்.

"அப்பா? என்ன சத்தம் அங்க?"

"நின்னுச்சு," என்றார். போனிடமா, பலகையிடமா, அவருக்கே தெரியவில்லை. "அன்னைக்கு வண்டி நின்னுச்சு. கை காட்டினேன், நின்னுச்சு. நான்தான் சுடச் சொன்னேன். நிக்கலைன்னு பொய் எழுதினேன். ஒரு பொண்ணு, அவ அம்மா, குழந்தை. மூணு பேர். நின்னுச்சு பாப்பா, நின்னுச்சு."

மணி மட்டும் கேட்டது. டிங். டிங்.

"நீங்க அப்படிச் சொல்லலையே அப்பா," அவள் குரல் மெல்ல வந்தது. "அது நிக்கலைன்னு நீங்கதானே... நான் ஸ்கூல்ல அதைப் பத்திச் சண்டையே போட்டிருக்கேனே..." பிறகு, "இருங்க. முன்னாடி ஏதோ இருக்கு."

"என்ன?"

"மணல் மூட்டை. தடுப்பு. இந்த ரோட்ல இது இருந்ததே இல்லையே."

"நிறுத்தாதே."

"கை காட்டறாங்கப்பா."

"நிறுத்தாதே! மிதி! இடிச்சுட்டுப் போ!"

"துப்பாக்கி வெச்சிருக்காங்க. எப்படிப்பா நிறுத்தாம..."

பலகையில், காரின் பின்னால், ஊசிமுனை அளவில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் எரிந்தன.

"நிறுத்திட்டேன்."

மணி ஓய்ந்தது.

ஆட்டத்தில் ஒரு பொம்மையின் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று பார்க்கக் குனிவதைப் போல, அவர் கன்னத்தை மணலில் வைத்துக் குனிந்தார். தடுப்புக்கு முன்னால் கையைத் தூக்கி நின்றவனுக்குத் தலைக்கவசம் இல்லை. முகத்தில் இரண்டு நாள் தாடி. தூக்கமில்லாத கண். கண்ணுக்குக் கீழே ஒரு சொட்டு ஊதா.

"அப்பா," என்றாள் மகள். "இவர்... உங்களை மாதிரியே இருக்கார். ஆல்பத்துல இருக்கீங்களே, அது மாதிரி."

"பாப்பா, கேளு..."

"லைசென்ஸ் கேப்பாங்க. பை கீழ இருக்கு. இருங்க, எடுக்கறேன்."

"குனியாதே!"

கண்ணாடிக்குப் பின்னால் அந்தச் சின்னத் தலை கீழே போனது.

"என்னங்க," சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள், "பாப்பா எங்க வந்துட்டாளாம்?"

காரின் பின் கதவுகள் இரண்டும் திறந்திருந்தன. பின் சீட்டு காலி. சாலையோரத்தில் மஞ்சள் உடைக்காரி நின்றாள். வயதான அம்மா நின்றாள். ஒற்றைச் செருப்போடு சின்னவள் நின்றாள். பக்கத்தில் பைக்கைச் சாய்த்து நிறுத்திவிட்டு, தாடிக்காரன் ஒருவன், சின்னவளின் தோளில் கை வைத்துக்கொண்டு.

ஒன்பது துப்பாக்கிகள் உயர்ந்தன. கையைத் தூக்கி நின்றவனின் வாய் திறந்தது.

நால்வரில் ஒருவர்கூடக் காரைப் பார்க்கவில்லை. அண்ணாந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.